பந்திக்கு வராதவன் பங்கு

பொறியியல் கலந்தாய்வில் இடம் பெற்றவர்கள் விடுதி விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவேண்டிய கடைசித் தேதி நெருங்கிவரும் இந்த வாரத்தில், நமக்கு வந்து சேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை அறையைப் பற்றியோ குளியலறையைப் பற்றியோ அல்ல. ‘உணவுக் கட்டணம்: டிவைடிங் சிஸ்டம்’ என்று விண்ணப்பத்தில் அச்சிட்டுவிட்டு, தொகை இருக்கவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்களே, இதற்கு என்ன தாத்பரியம் என்று கேட்பவை. மூத்த மகனை முன்பே விடுதியில் சேர்த்த தகப்பனார்களோ, பையன் வீட்டில் இருந்து சாப்பிட்ட நாட்களுக்கும் மெஸ் பில் வருவானேன் என்று விசாரிக்கிறார்கள். இரண்டும் ஒரே சந்தேகந்தான்.

‘லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை; மாணவர்கள் தாமே நடத்திக்கொள்ளும் மெஸ்’ என்பது நிர்வாகங்கள் இம்முறைக்குக் கூறும் இலக்கணம். நஷ்டம் இல்லை என்பது நிர்வாகத்தைப் பொறுத்தவரை பரம சத்தியம். எவ்வளவு செலவானாலும், குப்பைத்தொட்டிக்குப் போன சாம்பார் உட்பட, முழுவதையும் மாணவர்மீதே பங்கிட்டுவிடுகிறபோது நஷ்டம் எங்கிருந்து வரும்? மாணவர்கள் தாமே நடத்துவதென்பது பல இடங்களில் மெஸ் ரெப் ஒருவர் மாதக் கடைசியில் நீட்டிய இடத்தில் கையெழுத்திடுவதாகச் சுருங்கிவிடுகிறது.

கணக்கின் சுருக்கம் இது: மாத ஆரம்பத்தில் ஸ்டோர் ரூமில் இருந்த சரக்கின் மதிப்போடு அம்மாதம் வாங்கியதைக் கூட்டி, மாத முடிவில் மிஞ்சிய சரக்கைக் கழித்து, அதனுடன் சமையற்காரர் சம்பளமும் எரிவாயுவும் சேர்ந்தால் மொத்தச் செலவு, அதை எல்லா மாணவர்களுடைய நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒருநாள் விகிதம், அவ்விகிதத்தை அவரவர் நாட்களால் பெருக்கினால் மெஸ் பில். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ஆனால் ஊருக்குப் போனவனுடைய நாளை எண்ணுவதா, விடுவதா என்ற ஒரு தீர்மானம், யார் பணத்தில் யார் சாப்பிடுகிறார் என்பதையே புரட்டிவிடுகிறது.

உதாரணமாக, 300 பேர் உள்ள விடுதியில், 30 நாள் மாதத்துக்கு, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மாறாத செலவு 4,50,000 ரூபாய் என்றும், ஒருவர் ஒருநாள் சாப்பிடுவதற்கான பண்டச் செலவு 70 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். எல்லோரும் மாதம் முழுவதும் இருந்தால் ஒருநாள் விகிதம் 120, பில் 3,600. நூறு பேர் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டால் மொத்தச் செலவு 10,10,000 ஆகக் குறைகிறது. ஆனால் வகுக்கும் நாட்களும் 9,000 என்பதிலிருந்து 8,000 ஆகிவிடுவதால் விகிதம் 126 ரூபாய் 25 காசாக ஏறி, எங்கும் போகாமல் விடுதியிலேயே கிடந்தவன் 3,787 ரூபாய் 50 காசு கட்டுகிறான். அதே மாதத்தில் போனவர்களுக்குக் கழிவு இல்லையென்று வைத்தால், ஆளுக்கு ஏறக்குறைய 3,367 ரூபாய். இப்போது இருந்தவனுக்கு லாபம், இருபது நாளே சாப்பிட்டவனுக்கு 842 ரூபாய் தண்டம். செலவு ஒன்றே, சமையலும் ஒன்றே. விதி மாறினால் பாரம் தோள் மாறுகிறது.

முன்கூட்டி எழுதிக் கொடுத்து, குறிப்பிட்ட நாட்களுக்குக் குறையாமல் தொடர்ந்து வெளியே இருந்தால்தான் ‘ரிடக்‌ஷன்’ உண்டு என்று விடுதிகள் வைத்திருக்கும் நிபந்தனை இந்த இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம். சனி ஞாயிறு தோறும் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறுகிறவன் அந்த நாட்களின் சாப்பாட்டுக்கும் கொடுக்கிறான். பஸ் கட்டணத்தை எண்ணி விடுதியிலேயே தங்கிவிடுகிற தூரத்து ஊர்ப் பையனுக்கு அது அனுகூலமாகிறது. பொங்கலுக்குச் சேர்ந்தாற்போல் ஒருவாரம் எல்லோரும் போகிறபோது தங்கியவன்மேல் சுமை ஏறுகிறது. சனி ஞாயிறுக்காரன் கொடுப்பதை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன். எத்தனை நாள் என்பதை விண்ணப்பத்தில் போடாமல், சேர்ந்த பிற்பாடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்களே, அதைத்தான் ஒப்ப முடியவில்லை. மாறாத செலவை ‘எஸ்டாபிளிஷ்மெண்ட்’ என்று தனியே வசூலிக்கிற விடுதிகளில் இச்சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. அங்கே அந்தத் தொகைக்கு விவரம் கேட்கவேண்டும்.

இன்னொரு சூட்சுமம் மிஞ்சிய சரக்கில் இருக்கிறது. மாதக் கடைசியில் பத்து மூட்டை அரிசி இருக்க எட்டு என்று எழுதினால், அந்த இரண்டு மூட்டையின் விலை இந்த மாதப் பில்லில் ஏறி, அரிசி மட்டும் அடுத்த மாதத்தாருக்குப் போகும். மற்ற மாதங்களில் அது சுற்றிச் சுற்றி ஒருவாறு சமனாகலாம்; படிப்பு முடிந்து விடுதியைக் காலி செய்யும் இறுதியாண்டு மாணவனுக்கு அடுத்த மாதமே கிடையாது.

பங்கீடே இல்லாத விடுதிகளும் உண்டு. 2025 ஜூலையில் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றப்பட்ட அரசுத் துறை விடுதிகளில் கல்லூரி மாணவருக்கு உணவுப்படி 2023-இல் மாதம் 1,100-லிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து. பெயர்ப்பலகையின் கம்பீரத்தை அத்தொகையோடு வைத்துப் பார்ப்பது வாசகர் பொறுப்பு.

மற்றக் கேள்விகள்:

காஷன் டெபாசிட் திரும்ப வருமா? ரசீது இருந்தால் கேட்கலாம். பாக்கி இருந்தால் அதில் கழிப்பார்கள்.

வெளியே தனியார் விடுதியில் தங்கினால் ஜி.எஸ்.டி. உண்டா? வாடகை ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் இல்லை. இது 2024 ஜூலை முதல் வந்த விலக்கு.

மாணவிகள் தங்கும் தனியார் விடுதிக்கு உரிமம் அவசியமா? அவசியம், 2014-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது, உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

ராகிங்? தமிழ்நாட்டில் 1997-ஆம் வருஷத்துச் சட்டப்படி அது குற்றம்; பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகளின்படி மாணவரும் பெற்றோரும் வருஷந்தோறும் உறுதிமொழி தரவேண்டும்.

மின் கெட்டில் கொண்டுபோகலாமா? அநேகமாக எந்த வார்டனும் சம்மதிக்கமாட்டார்.