ரோமானிய மாகாண நாணயங்களும் தமிழகமும்

ரோமானிய மாகாண நாணயங்கள் என்பவை ரோமப் பேரரசின் மாகாணங்களிலும் நகரங்களிலும் உள்ளூர்ப் புழக்கத்திற்காக அச்சிடப்பட்ட காசுகள் ஆகும். கிழக்கு மாகாணங்களில் கிரேக்கம் பொதுமொழியாக இருந்ததால், அங்குள்ள காசுகளில் பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளே பொறிக்கப்பட்டன. பல காசுகளின் முன்புறத்தில் பேரரசரின் தலையும், அகஸ்டஸ் என்னும் பட்டத்தின் கிரேக்க வடிவமான 'செபாஸ்டோஸ்' என்ற சொல்லும் காணப்படும். பின்புறத்தில் அவ்வூர்த் தெய்வமோ கோயிலோ இடம்பெறும். எபேசு நகரக் காசுகளில் ஆர்ட்டெமிஸ் கோயிலும், அலெக்சாந்திரியக் காசுகளில் செராபிஸ், ஐசிஸ் ஆகிய தெய்வங்களும் உள்ளன.

தமிழகத்துடனான ரோமானிய வணிகம் பெரும்பாலும் எகிப்து வழியாக நடந்தது. முசிறி வணிகம் தொடர்பான கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒப்பந்தம் கிரேக்க மொழியில்தான் எழுதப்பட்டுள்ளது. ஆயினும் கோயம்புத்தூர், கரூர் வட்டாரங்களில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் மிகுதியானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் லத்தீன் எழுத்துடைய தெனாரியஸ் காசுகளே.

அலெக்சாந்திரிய வெள்ளிக் காசுகள் எகிப்தின் உள்நாட்டுப் புழக்கத்திற்கு உரியவை. அவற்றில் வெள்ளியின் அளவும் குறைவு. கடல்கடந்த வணிகத்திலோ உலோகத்தின் தரமும் எடையுமே மதிக்கப்பட்டன. எனவே காசில் உள்ள எழுத்தைக் கொண்டு மட்டும் அதைக் கொண்டுவந்த வணிகரின் மொழியை முடிவு செய்ய இயலாது.

கரூரில் கிடைத்த சேரரின் 'மாக்கோதை' வெள்ளிக் காசு இங்கு ஒப்பிடத்தக்கது. அதிலுள்ள தலையுருவம் ரோமானியக் காசுகளின் பாணியை ஒத்தது. பெயர் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்டுள்ளது. சேரநாடு ரோமின் மாகாணம் அன்று. எனினும் வெளியிலிருந்து வந்த வடிவத்தில் உள்ளூர் எழுத்தைப் பொறிக்கும் வழக்கம் இங்கும் காணப்படுகிறது.