மீண்டும் வண்டி ஓட்டலாமா?



பக்கவாதத்தில் விழுந்தவர் எழுந்து நடக்கத் தொடங்கியதும், "டாக்டர், நான் எப்போது வண்டி ஓட்டலாம்?" என்று கேட்பது வழக்கம். லாரியோ ஆட்டோவோ ஓட்டிப் பிழைத்தவருக்கு அது குடும்பத்தின் சோற்றைப் பற்றிய கேள்வி. இதற்கு விடை காண உதவுகிறவர் 'ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்' எனப்படும் தொழில்வழி சிகிச்சையாளர்.

பிசியோதெரபி கை கால்களுக்கு வலுவூட்டுகிறது. தொழில்வழி சிகிச்சையோ, சட்டை போடுவது, சமைப்பது, வண்டி ஓட்டுவது போன்ற அன்றாட வேலைகளை மறுபடியும் செய்யப் பழக்குகிறது.

பரிசோதனை இரண்டு கட்டங்களாக நடைபெறும். முதலில் அறைக்குள் பார்வை, கழுத்தைத் திருப்பும் அளவு, பிரேக்கை மிதிக்கும் வேகம், கவனம், முடிவெடுக்கும் திறன் ஆகியவை சோதிக்கப்படும். அடுத்து, பயிற்சியாளர் பக்கத்திலும் ஒரு பிரேக் உள்ள காரில், சாலையிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும்.

கை கால் சரியாகிவிட்டால் போதாதா? போதாது. மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்ட சிலருக்குக் கண் நன்றாகத் தெரிந்தாலும், இடப்பக்கத்தில் இருப்பது மனதில் பதியாது. தட்டின் இடப்பாதியில் உள்ள சோறு அப்படியே மிஞ்சும். அந்தக் குறை அவர்களுக்கே தெரியாது. நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. ஓரமாக நடந்து போகும் பள்ளிப் பிள்ளைகளும் சைக்கிள்காரர்களும் அந்தப் பக்கத்தில்தானே இருக்கிறார்கள்!

குறை உடலில் மட்டும் இருந்தால் வண்டியை மாற்றியமைக்கலாம். வலது கால் செயலிழந்தவருக்கு, கிளட்ச் இல்லாத காரில் இடது காலால் மிதிக்கும் ஆக்ஸிலேட்டர் பொருத்தலாம். இரு கால்களும் செயலிழந்தவருக்கு ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் கையால் இயக்கும் நெம்புகோல் உண்டு. பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை நம் சாலைகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள். 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இவற்றை 'தகவமைக்கப்பட்ட வாகனம்' என்னும் பொருள்படக் குறிப்பிடுகிறது. சிகிச்சையாளர் ஆலோசனை மட்டுமே கூறுவார். உரிமம் வழங்குவது போக்குவரத்து அலுவலகமே.

சில வேளைகளில் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியிருக்கும். அதோடு அவர் பணி முடிவதில்லை. பஸ்ஸில் ஏறி இறங்கவும், பிழைப்புக்கு வேறொரு வேலையைப் பழகவும் அவரே உடனிருந்து கற்றுத் தருவார்.

உங்கள் வீட்டில் பக்கவாதமோ தலைக்காயமோ அடைந்து தேறியவர் இருக்கிறாரா? சாவியை அவர் கையில் கொடுக்குமுன் இந்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அது அவருடைய உயிரையும், முன்பின் அறியாத ஒருவருடைய உயிரையும் காக்கும்.