பாடலைச் சித்திரமாக்கிய பர்தான் பாணர்கள்

புது தில்லி: தலைநகரின் கலைக்கூடங்களிலும் கைவினைச் சந்தைகளிலும் "கோண்டு ஓவியம்" என்ற பெயரில் விற்பனையாகும் படைப்புகளுக்குப் பின்னால் ஒரு பாணர் குலத்தின் கதை இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் திண்டோரி மாவட்டத்திலுள்ள பாடன்கர் கிராமமே அக்கதையின் தொடக்கம்.

கோண்டு பழங்குடியினரின் வம்ச வரலாற்றைப் பாடுவது பர்தான்களின் குலத்தொழில். பானா என்னும் நரம்புக் கருவியை இசைத்து, படாதேவ் என்ற பெருந்தெய்வத்தைப் போற்றிப் பாடிப் பரிசில் பெறுவர். புரவலர்கள் வறுமையுற்றபோது பாணர்களும் கூலிவேலைக்குச் சென்றனர்.

ஜன்கர் காட்டிய வழி

போபாலில் 1982-ல் திறக்கப்பட்ட பாரத் பவனுக்காகக் கிராமியக் கலைகளைத் தேடும் பணி நடைபெற்றது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஓவியர் ஜே. சுவாமிநாதன் அனுப்பிய குழுவினர், பாடன்கரில் ஒரு வீட்டுச் சுவரில் இளைஞர் ஜன்கர் சிங் ஷியாம் தீட்டிய சித்திரத்தைக் கண்டனர். போபாலுக்கு வந்த ஜன்கர், அதுவரை பாடலில் மட்டுமே வாழ்ந்த தெய்வங்களுக்குப் புள்ளிகளாலும் கோடுகளாலும் உருவம் கொடுத்தார். 1989-ல் பாரீஸ் கண்காட்சியில் அவரது ஓவியங்கள் இடம்பெற்றன. உறவினர்களையும் வரவழைத்துப் பயிற்றுவித்தார்.

ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்கு ஓவியம் தீட்டச் சென்றிருந்த ஜன்கர், 2001 ஜூலையில் அங்கு உயிரிழந்தார். தற்கொலை எனக் கூறப்பட்ட அந்த மரணம் குறித்து விசாரணை தேவை என்று இந்தியக் கலைஞர்கள் குரலெழுப்பினர். அயல்நாடுகளுக்கு அழைக்கப்படும் பழங்குடிக் கலைஞர்களுக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்வியும் அப்போது எழுந்தது.

அம்பேத்கர் வரலாறு

அவர் தொடங்கிய மரபு நிற்கவில்லை. இரவுக் காவலராகப் பணியாற்றிய பஜ்ஜு ஷியாம், தாம் கண்ட லண்டனை ஓவியமாக்கினார். அந்நகரின் மணிக்கூண்டு அவருக்குச் சேவலாகத் தெரிந்தது. இரண்டும் நேரம் சொல்பவை அல்லவா! அந்நூலை 2004-ல் வெளியிட்டது சென்னைப் பதிப்பகமான தாரா புக்ஸ். அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

2022-ல் அதே விருதைப் பெற்ற துர்காபாய் வியாம், கணவர் சுபாஷுடன் இணைந்து அம்பேத்கரின் வாழ்க்கையைச் சித்திர நூலாக்கினார். 2011-ல் வெளியான "பீமாயணா"வில், அன்பான சொற்கள் பறவை வடிவில் வருகின்றன. தீண்டாமை பேசும் சொற்களுக்குத் தேளின் கொடுக்கு முளைத்திருக்கிறது.

பெயரும் உரிமையும்

மத்தியப் பிரதேச கோண்டு ஓவியத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால், அது காப்பது பெயரை மட்டுமே. பாணியைப் பார்த்து அச்சிட்டு வேறு பெயரில் விற்பதை அது தடுப்பதில்லை. தனிப்பட்ட படைப்புக்குப் பதிப்புரிமைச் சட்டம் காப்பளிக்கிறது. ஜன்கரின் ஓவியங்களுக்கு அது 2061 வரை நீடிக்கும். எனினும், உரிமையை நிலைநாட்ட நீதிமன்றப் படியேற வேண்டியவர் கலைஞரே. கிராமத்து ஓவியருக்கு அது எளிதன்று.

ஊரார் வம்சப் பெயர்களையெல்லாம் மறவாமல் பாடிக் காத்த குலம் இது. அவர்கள் தீட்டிய ஓவியத்தின் கீழ் அவர்களது பெயர் இடம்பெற வேண்டும் என்பது சலுகையன்று, உரிமை.