எந்தப் பெரிய மரத்தைப் பார்க்கப் போவது?

கடந்த ஆவணியில் மடுத் திருவிழாவுக்கென்று அக்காவின் மகன் கனடாவிலிருந்து வந்து முருங்கனில் எங்கள் வீட்டில் தங்கினான். அதற்கு முந்தைய வருடம் அவன் கலிபோர்னியாவுக்குப் போய் அங்குள்ள செம்மரக் காடுகளைப் பார்த்திருக்கிறான். கைப்பேசியில் படங்களைக் காட்டிவிட்டுக் கேட்டான்: “மாமா, இஞ்ச பாக்கிற மாதிரிப் பெரிய மரம் எங்க இருக்கு? எனக்கு ஒரு நாள்தான் இருக்கு.”

பிறந்த ஊர்தானே, உடனே பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார்க்கையில் அது அவ்வளவு லேசான கேள்வியாக இருக்கவில்லை. புலம்பெயர்ந்த உறவுகள் ஊருக்கு வரும் காலங்களில் பலர் இதையே கேட்கிறார்கள். அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உயரத்தை மறந்துவிட வேண்டும். கலிபோர்னியாக் கரையோரச் செம்மரங்கள் நூறு மீற்றரையும் தாண்டுவதற்குக் கடலிலிருந்து எழும் மூடுபனியும் குளிர்கால மழையும் துணை. எங்களுடையதோ உலர்வலயம். மாரி மழை முடிந்தால் பிறகு பல மாதங்கள் வெயில்தான். இந்த மண்ணில் ஒரு மரம் பெரிதாவது என்றால் பருமனாலும் உறுதியாலும் வயதாலும்தான்.

பருமனைப் பார்க்க வேண்டுமென்றால் மன்னார்த் தீவுக்குப் போங்கள். முருங்கனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நகரை ஒட்டிய பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் உயரம் 7.5 மீற்றர்தான், பக்கத்துத் தென்னைகள் அதைவிட உயரம். சுற்றளவோ 19.5 மீற்றர். பெரியவர்கள் பன்னிரண்டு பேர் கைகோத்து நின்றால்தான் அதைச் சுற்றிவளைக்கலாம். 1477ஆம் ஆண்டு அரபு வணிகர்கள் நட்டது என்று சொல்லப்படுகிறது. அது ஆபிரிக்காவின் மரம் என்பதில் ஐயமில்லை. நட்ட ஆண்டை அப்படியே நம்பிவிட வேண்டாம். பெருக்கமரத்தில் வளையங்களை எண்ணி வயது சொல்வது கடினம். வயதானால் உள்ளே பொந்து விழுந்துவிடும். பல தண்டுகள் சேர்ந்தே ஒரு மரம்போல் நிற்பதும் உண்டு.

அதன் பருமனுக்குக் காரணம் தண்ணீர். மரம் மென்மையானது, மழைக்காலத்தில் நீரை உறிஞ்சித் தண்டில் வைத்துக்கொள்ளும். வரட்சி வந்தால் இலையைக் கொட்டிவிட்டு அந்த நீரில் உயிர் பிடித்து நிற்கும். எங்கள் குளங்கள் செய்யும் வேலையைத்தான் அந்த மரமும் செய்கிறது என்றேன். மருமகனுக்கு அது உடனே பிடிபட்டது.

உறுதியைப் பார்க்க வேண்டுமென்றால் மடு வீதியின் காடு. பாலை, வீரை, முதிரை எல்லாம் அங்கே உண்டு. செம்மரத்தைக் கண்டு வந்தவர்களின் கண்ணுக்குப் பாலை சாதாரண மரமாகத்தான் தெரியும். மிக மெதுவாக வளரும், இரும்பு போன்ற மரம். பெரியதொரு பாலை பல தலைமுறைகளைக் கண்டிருக்கும். வைகாசி, ஆனியில் பழம் பழுத்தால் பறவை, குரங்கு, கரடி எல்லாம் அதன் கீழேதான். முதிரைக்கும் கருங்காலிக்கும் எப்போதும் நல்ல விலை என்பதால் பருத்தவை முதலில் கோடரிக்குப் போய்விட்டன. பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். யானை ஒரு காரணம், போர்க்காலத்து மிதிவெடி அச்சம் இன்னொன்று.

மூன்றாவது எங்கள் வாசலில் இருக்கும் கட்டுக்கரைக்குளம். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டியது என்று கூறப்படும் குளம். அருவி ஆற்றைத் தேக்கத்தில் மறித்து அதற்குத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். ஆற்றங்கரையிலும் குளத்தை அண்டியும் நிற்கும் மருதமரங்களே இந்த நாட்டின் ஆற்றோர அரசர்கள். வெளிறிய பட்டை, கரையை இறுக்கிப் பிடித்த வேர், கோடையிலும் மாறாத நிழல். கார்த்திகை முதல் மாசி வரை வந்தால் வலசைப் பறவைகளையும் சேர்த்துப் பார்க்கலாம். ஆவணியில் குளம் வற்றிக் கிடக்கும்; மருதநிழல் மட்டும் மிச்சம்.

நெடுந்தீவிலும் ஆள் நுழையக்கூடிய பொந்துள்ள பெருக்கமரம் ஒன்று உண்டு. குறிகட்டுவானிலிருந்து படகில் போகவேண்டும் என்பதால் அதை இந்த ஒரு நாளுக்குள் சேர்க்க முடியாது.

ஒரு நாள் மட்டும் கையில் இருந்தால் என் வரிசை இது: காலை வெயில் ஏறுமுன் பள்ளிமுனை, மதியம் மடு வீதி, மாலையில் கட்டுக்கரை. பள்ளிமுனையை முதலில் சொல்வதற்கு அதன் பருமன் மட்டும் காரணமல்ல. அந்த மரத்தைச் சுற்றி வேலி இருக்கிறது. நாலு பேர் போனாலும் நானூறு பேர் போனாலும் அது தாங்கும். மன்னார்த் தீவில் வேறு பெருக்கமரங்களும் உண்டு. சில தனியார் வளவுகளுக்குள் வேலியோ பலகையோ இல்லாமல் நிற்கின்றன. மென்மையான பட்டையில் கத்தியால் பெயர் செதுக்கியவர்களும் இருக்கிறார்கள். நான் பார்த்த எந்தப் பெரிய மரத்தின் கீழும் ஒரு கன்று இல்லை. முளைத்தாலும் கழுதையும் மாடும் விடாது. அதாவது இருப்பவை போனால் அந்த இடத்துக்கு வேறு மரம் வராது. ஆபிரிக்காவிலேயே மிகப் பழைய 13 பெருக்கமரங்களில் ஒன்பது, 2005க்குப் பிறகு பட்டோ ஒரு பகுதி சரிந்தோ போயின என்று 2018இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

செம்மரக் காட்டிலும் இதே பாடம்தான். உலகின் மிக உயரமான மரமான ஹைப்பீரியன், ஏறத்தாழ 116 மீற்றர், 2006இல் கண்டுபிடிக்கப்பட்டது. இடத்தை வெளியிடாமல்தான் வைத்திருந்தார்கள். இணையத்தில் அது கசிந்தது. சனம் காட்டை மிதித்துத் தடம் போட்டுக்கொண்டு போனது. வானளவு உயர்ந்த மரத்துக்கு வேர் சில மீற்றர் ஆழம்தான். அடியில் மண் இறுகினால் பாதிப்பு மரத்துக்கு. 2022இல் பூங்கா நிர்வாகம் அந்த இடத்தை மூடியது. மீறிப் போனால் அபராதமும் சிறையும்.

இதைச் சொன்னதும் மருமகன் சிரித்தான். “அப்ப நீங்க சின்ன வயசில ஏறி விளையாடின மருதமரத்தையும் காட்டமாட்டியளோ?”

அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும், செருப்பைக் கழற்றிவிட்டு. அவன் படம் எடுத்தான். எங்கே என்று எழுதிப் பகிர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், சரி என்றான். அருவி ஆற்றங்கரையில் எந்த இடம் என்று இந்தக் கட்டுரையிலும் நான் எழுதப்போவதில்லை. மரத்துக்கு வேலி வந்த பிறகு எழுதுகிறேன்.