மிச்சப் பொங்கலும் மாட்டு வயிறும்

பொங்கல் முடிந்த மறுநாள் உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். மாடு எழுந்திருக்க மாட்டேங்குது, வயிறு உப்பிப் போச்சு, அசை போடவே இல்லை என்று ஆட்கள் வந்து நிற்பார்கள். "என்ன கொடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டால், முதலில் "வழக்கமா போடறதுதான்" என்பார்கள். கொஞ்சம் கழித்துத்தான் "மிஞ்சின பொங்கல் கொஞ்சம் வெச்சோம்" என்று வரும். அந்தக் கொஞ்சம், பல சமயம் ஓர் அன்னக்கூடை.

கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை. வாயில்லா ஜீவன், நல்லா சாப்பிடட்டுமே என்ற பாசம்தான். மாட்டுப் பொங்கலன்று சாஸ்திரத்துக்கு ஒரு கைப்பிடி ஊட்டுவதால் ஒன்றும் ஆகாது. கூடைக்கணக்கில் வைக்கும்போதுதான் ஆபத்து. கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் கொட்டிக் கிடக்கிற சோறு, அன்னதானத்தில் மிஞ்சியது, அபார்ட்மென்ட் வாசலில் தெரு மாட்டுக்கு வைக்கிற பழைய சாதம் எல்லாம் இதே கணக்குதான். மாடு வளர்க்காதவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது என்று சொல்வது அதனால்தான்.

நமக்குத் தெம்பு கொடுக்கிற சோறு மாட்டை ஏன் படுக்க வைக்கிறது? அதற்கு அதன் வயிற்றுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

மாட்டுக்கு நாலு வயிறு என்று பேச்சுவழக்கில் சொல்வோம். உண்மையில் வயிறு ஒன்றுதான், அறைகள்தான் நாலு. ஆட்டுக்கும் அப்படியே. போட்டி வாங்கிச் சுத்தம் செய்தவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்கவே வேண்டாம். டர்க்கி டவல் மாதிரி சொரசொரவென்று பெரிசாக இருப்பது முதல் அறை. தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக இருப்பது இரண்டாவது. புத்தகத்தின் தாள் தாளாக மடிந்திருப்பது மூன்றாவது. நாலாவதுதான் நம்முடையதைப் போல அமிலம் சுரக்கிற உண்மையான வயிறு.

முதல் அறையின் பெயர் ரூமன். வளர்ந்த பசுவுக்கு இது 100 லிட்டருக்கு மேல் கொள்ளும், பெரிய மாடுகளில் 200 லிட்டர் வரைகூடப் போகும். வயிற்றின் இடது பக்கம் முழுக்க இதுதான் அடைத்துக்கொண்டிருக்கும். இங்கே செரிமான நீர் எதுவும் சுரப்பதில்லை. கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள்தான் இங்கே வேலை பார்க்கின்றன. வைக்கோலில் இருக்கிற நாரை மாட்டாலும் செரிக்க முடியாது, நம்மாலும் முடியாது. நுண்ணுயிரிகள் அதை நொதிக்க வைத்து, மாட்டுக்குச் சக்தி தருகிற பொருளாக மாற்றிக் கொடுக்கின்றன. பிறகு அந்த நுண்ணுயிரிகளே பின்னால் இருக்கிற அறைகளுக்குப் போய்ச் செரிக்கப்பட்டு, மாட்டுக்குப் புரதமாகின்றன. ஆக, நாம் தீவனம் போடுவது மாட்டுக்கு மட்டுமில்லை, முதலில் அந்த நுண்ணுயிரிகளுக்கு.

இட்லி மாவு புளிப்பது உங்களுக்குத் தெரியும். இதமான சூடு, அரைத்த அரிசி, ஒரு ராத்திரி போதும். ரூமனுக்குள் எப்போதும் ஏறக்குறைய 39 டிகிரி சூடு. அதற்குள் ஓர் அன்னக்கூடை வெந்த சோறு போனால் என்ன ஆகும்? மாவுச்சத்தைத் தின்கிற பாக்டீரியாக்கள் சட்டென்று பெருகி, லாக்டிக் அமிலத்தைக் கொட்டித் தீர்க்கும். வெல்லமும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். புளிப்பு ஏற ஏற, நாரைச் செரிக்கிற நல்ல நுண்ணுயிரிகள் செத்துப்போகும். ரத்தத்தில் இருக்கிற நீரை அந்த அமிலக் குழம்பு ரூமனுக்குள் இழுத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் வயிறு தளும்பும், உள்ளே உடம்பு வறண்டுகொண்டிருக்கும். கண் குழி விழும், சாணி தண்ணியாகிப் புளிச்ச வாடை அடிக்கும், மாடு தள்ளாடிப் படுத்துவிடும். முற்றிய நிலையில் ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம்.

வைக்கோல் தின்றால் ஏன் இப்படி ஆவதில்லை? அங்கேதான் அசை போடுவதன் அருமை தெரியும். நார்த் தீவனத்தை மாடு ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் அசை போடும். மெல்ல மெல்ல எச்சில் ஊறும். பசுவுக்கு ஒரு நாளில் ஊறுகிற எச்சில் 100 லிட்டரைத் தாண்டும். அந்த எச்சிலில் நம் வீட்டு சமையல் சோடாவில் இருக்கிற அதே உப்பு இருக்கிறது. புளிப்பை அது அப்போதைக்கப்போது முறித்துக்கொண்டே இருக்கும். சோற்றை மெல்லவே வேண்டாம், அப்படியே உள்ளே போய்விடும். அமிலம் அதிகமாகிற அதே நேரத்தில் அதை முறிக்கிற எச்சிலும் குறைந்துபோகிறது.

"அப்ப சோடாவைக் கரைச்சு ஊத்திட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். கைவைத்தியத்தில் அது உண்டு, காரணமும் சரிதான். ஆனால் எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். முக்கியமாக, படுத்துவிட்ட மாட்டின் தலையைத் தூக்கி வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விட்டால் புதுசாக இன்னொரு வியாதி.

ரூமன் நன்றாக வேலை செய்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் கையை மடக்கி அழுத்தி வைத்தால், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை உள்ளிருந்து கையைத் தள்ளுகிற மாதிரி ஓர் அசைவு தெரியும். அசைவே இல்லையென்றாலும், அந்தப் பள்ளம் மேடாகி முரசு மாதிரி விண்ணென்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். ரூமனில் ஓயாமல் வாயு உண்டாகிறது. மாடு அதை ஏப்பமாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஏப்பம் அடைபட்டால் வயிறு ஊதி, மூச்சையே நிறுத்திவிடும்.

பாலித்தீன் பையும் அந்த அறையில்தான் தங்கிப்போகிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக்கை நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறார்கள். ஆனாலும் மிச்ச சோற்றைப் பையில் முடிச்சுப் போட்டு வீசுகிற பழக்கம் போகவில்லை. மாட்டுக்கு உதடும் நாக்கும் பொறுக்கித் தின்னத் தோதானவை அல்ல. நாக்கால் சுருட்டி இழுத்து அப்படியே விழுங்கிவிடும். பை செரிக்காது, வெளியே வருவதும் அரிது. ஆணி, கம்பி என்றால் அந்தத் தேன்கூட்டு அறையில் போய் உட்காரும். அதற்கு முன்னால், ஒரு மெல்லிய சதைச் சுவருக்கு அப்பால்தான் இதயம் இருக்கிறது. கம்பி குத்திக்கொண்டு அதுவரை போய்விடும்.

கன்றுக்குட்டியின் கதை தனி. பிறந்த கன்றுக்கு ரூமன் சின்னதாக, வேலை செய்யாத நிலையில் இருக்கும். அது பால் குடிக்கும்போது, உணவுக்குழாயின் முனையில் ஒரு மடிப்பு குழாய் மாதிரி மூடிக்கொண்டு, பாலை நேராக நாலாவது அறைக்கு அனுப்பிவிடும். அந்த வயசில் அது நம்மைப் போல ஒற்றை வயிற்றுப் பிராணிதான். சீம்பால் விஷயம் இங்கேதான் வருகிறது. தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கன்றுக்குச் சீம்பால் வழியாகத்தான் போகிறது. கன்றின் குடல் அதை உள்ளே வாங்குகிற கதவு சில மணி நேரத்திலேயே மூட ஆரம்பித்து, 24 மணி நேரத்தில் அடைத்துவிடும். நஞ்சுக்கொடி விழட்டும், பிறகு பால் விடலாம் என்று காத்திருக்கிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து காத்திருக்காதீர்கள், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குடிக்க விடுங்கள். வீட்டுக்குச் சீம்பால் காய்ச்சுவது கன்று வயிறு நிறைந்த பிறகு.

ஆடும் அசை போடுகிற இனம்தான், ஆனால் வயிறு சின்னது, குணமும் வேறு. பசு புல்லை வாரிச் சுருட்டும், வெள்ளாடு தழையைப் பொறுக்கித் தின்னும். திறந்து கிடக்கிற அரிசி மூட்டையில் ஆடு வாய் வைத்தால் மாட்டுக்கு ஆகிற அதே கதிதான், அளவு மட்டும் இன்னும் குறைவாகவே போதும். மழைக்குப் பிறகு தளிர்க்கிற இளம்புல்லை ஆசையாக மேய்கிற செம்மறிக்குத் துள்ளுமாரி வருவதும் குடல் சம்பந்தப்பட்டதுதான். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

பன்றிக்கு நம்மைப் போல ஒற்றை வயிறு. ஓட்டலில் மிஞ்சின சோற்றை அது செரித்துக்கொள்ளும். ஆனால் நோய்க்கிருமி பரவாமல் இருக்க, வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். குதிரைக்கும் கழுதைக்கும் வயிறு ஒற்றைதான், நாரை நொதிக்க வைக்கிற தொட்டி பின்னால், பெருங்குடல் பக்கம் இருக்கிறது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, அதனால் தப்பாகத் தின்றால் வயிற்றுவலியில் புரண்டு துடிக்கும். முயலுக்கும் தொட்டி பின்னால்தான். அங்கே உண்டான சத்து வீணாகப் போய்விடக் கூடாதென்று, தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்றுவிடும். பார்க்க அருவருப்பாக இருக்கும், தடுத்துவிடாதீர்கள்.

தொட்டி முன்னால் இருப்பதா பின்னால் இருப்பதா என்பது சும்மா பாடப்புத்தகச் சமாச்சாரம் இல்லை. பூக்காத இளம் சோளப் பயிரில், அதுவும் வறட்சியில் வாடியதில், சயனைடு விஷம் உண்டாகிற பொருள் இருக்கும். மாட்டின் ரூமனில் இருக்கிற நுண்ணுயிரிகள் அதைப் படுவேகமாக உடைத்து விஷத்தை வெளியே விட்டுவிடும். பன்றி, குதிரையை விட மாட்டுக்கும் ஆட்டுக்கும் இந்த விஷம் சீக்கிரம் ஏறுவது அதனால்தான். பூக்கிறதுக்கு முன்னாடி சோளக்காட்டில் மாட்டை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது வெறும் பயமுறுத்தல் இல்லை.

கோழிக்குப் பல்லே இல்லை. தின்ற தானியம் முதலில் கழுத்தடியில் இருக்கிற தீவனப்பையில் ஊறும். பிறகு அமிலம் சுரக்கிற சின்ன வயிறு. அதற்கப்புறம் அரைவைப்பை. கறிக்கடையில் கெட்டியாக, தசைப் பிண்டமாகக் கிடக்குமே, அதுதான். அதை நறுக்கினால் உள்ளே பொடிக்கல் இருக்கும். கோழியின் அம்மிக்கல் அது. புறக்கடையில் மேய்கிற கோழி கல்லைத் தானே தேடிக்கொள்ளும். கூண்டிலேயே அடைத்து வைத்து முழுத் தானியம் போடுகிறவர்கள் கொஞ்சம் பொடிக்கல்லும் வைக்க வேண்டும். கிளிஞ்சல் வைப்பது முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்துக்கு, அது வேறு கணக்கு.

மறுபடி மாட்டுக்கு வருவோம். சோறு அதிகமாகத் தின்றுவிட்டது என்று தெரிந்தால், நோய் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மிச்சத்தை உடனே எடுத்துவிட்டு, வைக்கோலை மட்டும் போட்டு, 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான எண் அது. பக்கத்தில் மருந்தகம் திறந்திருந்தால் அங்கேயும் ஆளை அனுப்பலாம். போனில் பேசும்போது என்ன தின்றது, ஏறக்குறைய எவ்வளவு, எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது அசை போட்டது, சாணி எப்படி இருக்கிறது, சினையா என்பதைச் சொல்லுங்கள். அந்த இடது பக்கப் பள்ளத்தையும் சாணியையும் செல்போனில் படம் எடுத்து வைத்தால், மருத்துவர் வந்ததும் நேர மாற்றம் புரியும். சோறு வைத்ததைச் சொல்ல வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவதே அந்தத் தகவல்தான்.