கைப்பைக்குள் ஒரு துப்பாக்கி!

2014 டிசம்பர் 30. அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில் ஹேடன் என்கிற சிறிய ஊர். ஒரு தாய் தன் இரண்டு வயது மகனோடு கடைக்கு வந்திருந்தார். தள்ளுவண்டியில் குழந்தை, பக்கத்திலேயே அம்மாவின் கைப்பை. திடீரென்று 'டுமீல்' என்று சத்தம்! பைக்குள் கைவிட்ட குழந்தையிடம் சிக்கியது, தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி. அந்த இடத்திலேயே தாய் இறந்துபோனார்.

அவர் விவரம் தெரியாதவர் அல்ல. துப்பாக்கி சுடப் பழகியவர், உரிமம் வைத்திருந்தவர். அந்தப் பைகூட துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறையோடு தைத்தது!

நமக்குக் கைத்துப்பாக்கி என்றால் போலீசும் சினிமாவும்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் சாதாரணக் குடும்பத்தினரே 'தற்காப்புக்கு' என்று எடுத்துப் போகிறார்கள். சிலர் இடுப்பில் வெளியே தெரிகிற மாதிரி. சிலர் சட்டைக்குள், பைக்குள் மறைத்து. வீட்டுக்கு வெளியிலும் அதை வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று 2022-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மறைத்து எடுத்துப் போக உரிமம்கூட வேண்டாம்.

ராத்திரி வேலை முடிந்து தனியாகத் திரும்பும் பெண்ணுக்கு அது தைரியம் தரலாம். அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. ஆனால், வீட்டுக்கு வந்ததும் அந்தத் துப்பாக்கி எங்கே போகிறது? சோபா மேலா, தலையணைக்கு அடியிலா? ஆபத்து அங்கேதான்!

'ஒளித்து வைத்தால் குழந்தைக்குத் தெரியாது' என்கிறீர்களா? 2001-ல் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். 8 முதல் 12 வயதுச் சிறுவர்களை இரண்டு மூன்று பேராகச் சேர்த்து ஓர் அறையில் விட்டார்கள். இழுப்பறைக்குள் தோட்டா இல்லாத நிஜத் துப்பாக்கி. கால் மணி நேரத்துக்குள் 29 குழுக்களில் 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டன. 16 குழுக்கள் கையில் எடுத்தன. 10 குழுக்களில் விசையையும் இழுத்துவிட்டார்கள்! எடுத்தவர்களில் பெரும்பாலோர், 'துப்பாக்கியைத் தொடக் கூடாது' என்கிற மாதிரி பாடம் ஏற்கெனவே கேட்டவர்கள்தான்.

இன்னொரு ஆபத்து, மனம் உடைந்துபோகிற நேரம். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. அந்த வேகம் பல பேருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். கையெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால், தணிகிற வரை அது காத்திருக்காதே! வீட்டில் யாராவது சோர்ந்து போயிருந்தால் துப்பாக்கியை வீட்டை விட்டே அப்புறப்படுத்துவது நல்லது. உடனே டாக்டரிடமும் அழைத்துப் போங்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொல்வது இதுதான்:

* குழந்தை இருக்கும் வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருப்பதே மிகவும் பாதுகாப்பு.

* இருந்தே ஆகவேண்டுமா? தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டி வையுங்கள்.

* தோட்டாக்களைத் தனியாக வேறோர் இடத்தில் பூட்டுங்கள். சாவி குழந்தை கைக்குப் போகக் கூடாது.

மகள் வீட்டுக்கு, மகன் வீட்டுக்கு என்று அமெரிக்கா போகிற தாத்தா, பாட்டிகளே! பேரனைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது, 'இவனுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது' என்று சொல்லி அனுப்புவோம் இல்லையா? அதே மாதிரி, 'உங்க வீட்டுல பூட்டாத துப்பாக்கி ஏதாவது இருக்கா?' என்றும் கேட்கச் சொல்லுங்கள். அங்கே டாக்டர்களே கேட்கச் சொல்லும் கேள்விதான் இது.

கூச்சம் ஒரு நிமிஷம்தான். குழந்தை பத்திரமாக வீடு திரும்பும்!