கறுப்பு தேய்ந்தால் பித்தளை

கைக்குள் ஒரு கண் – 11

போன வாரம் ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னலுக்குள் இரண்டு பிம்பங்கள் நகர்ந்து வந்து ஒன்றாகச் சேர்வதைப் பார்த்தோம். இந்த வாரம் அந்தக் கேமராவின் மேல்பூச்சைப் பற்றிப் பேசலாம். குரோம் பூசிய லைக்கா எம்3 ஒன்றையும், கறுப்புப் பெயின்ட் அடித்த எம்3 ஒன்றையும் கண்ணை மூடிக்கொண்டு கையில் எடுத்துப் பாருங்கள். எடையில் வித்தியாசம் தெரியாது. துணி ஷட்டரின் சத்தமும் ஒன்றுதான். கண்ணைத் திறந்தால்தான் விலை பல மடங்கு எகிறும். உள்ளே ஓடும் இயந்திரம் ஒன்றாக இருக்கும்போது, ஒரு கோட் பெயின்டுக்கு எதற்காக இத்தனை பணம்?

ஆரம்பத்தில் கறுப்புதான் சாதாரணம். 1925-ல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனம் முதல் லைக்காவைக் காட்சிக்கு வைத்தபோது, அது கறுப்பு எனாமல் பூசிய பித்தளைப் பெட்டி. 1932-ல் லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் வந்த லைக்கா II-ம் கறுப்பாகத்தான் வந்தது. அடுத்த ஆண்டு லைக்கா III-ஓடு குரோம் முலாம் அறிமுகமானது. குரோம் எளிதில் கீறாது, வியர்வைக்கும் அசையாது. வாடிக்கையாளர்கள் அதன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். போருக்குப் பின் லைக்கா என்றாலே வெள்ளிநிறம் என்றாகிவிட்டது. 1954-ல் கொலோன் நகரில் எம்3 அறிமுகமானபோது கடைக்கு வந்தவை குரோம்தான். 1966 வரை செய்யப்பட்ட எம்3-கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். அவற்றில் கறுப்பு மிகச் சிறிய பங்கு.

அந்தச் சிறிய பங்கைக் கேட்டு வாங்கியவர்கள் பெரும்பாலும் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள். கூட்டத்துக்குள் நிற்கும்போது குரோம் பளிச்சென்று வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். எதிரில் இருப்பவர் கண் உடனே கேமராவுக்குப் போகும், முகம் மாறிவிடும். ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தன் லைக்காவின் பளபளக்கும் பாகங்கள்மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு வேலை செய்தவர். 1948 ஜனவரி 30 அன்று, சுடப்படுவதற்குச் சற்று நேரத்துக்கு முன் காந்தியைச் சந்தித்துவிட்டு வந்தவர் அவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்தவரும் அவரே. மரணப் படுக்கையில் இருக்கும் ஒருவரின் அறைக்குள், சுற்றிலும் அன்பர்கள் அழுதுகொண்டிருக்கும் இடத்தில், மின்னாத கேமரா எவ்வளவு அவசியம் என்று யோசித்துப் பாருங்கள். கறுப்புக்கு முதலில் இருந்த மதிப்பு இதுதான். ஒரு தொழிலாளி தன் வேலைக்காகக் கேட்டு வாங்கிய நிறம் அது.

கேட்பவர்கள் கூடியதால், ஐம்பதுகளின் இறுதியில் லைட்ஸ் சிறு சிறு தொகுதிகளாகக் கறுப்பு எம்3-ஐயும் எம்2-ஐயும் செய்யத் தொடங்கியது. எந்தத் தொகுதிக்கு எந்த எண் என்ற பட்டியல் சேகரிப்பாளர்களிடம் உண்டு. உதாரணமாக, 959401 முதல் 959500 வரை நூறு கறுப்பு எம்3-கள். கறுப்பு எம்3 விலைக்கு வந்தால் அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது பெயின்டை அல்ல, இந்த எண்ணைத்தான்.

ஏல விலைகளைச் சொன்னால் தலை சுற்றும். பிக்காசோவை அவர் வீட்டுக்குள்ளேயே படமெடுத்த டேவிட் டக்ளஸ் டங்கனுக்காக லைட்ஸ் தனியாக நான்கு கேமராக்கள் செய்துகொடுத்தது. எம்3டி என்று பெயர். அவற்றில் இரண்டாவது, 2012 நவம்பரில் வியன்னாவில் 16.8 லட்சம் யூரோவுக்குப் போனது. 2022 ஜூனில் வெட்ஸ்லாரில் நடந்த ஏலத்தில், லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக் தானே வைத்துப் பயன்படுத்திய 105-ம் எண் கேமரா 1.44 கோடி யூரோவுக்கு விற்றது. 1923-ஐ ஒட்டி சோதனைக்காகச் செய்யப்பட்ட இருபது சொச்சம் கேமராக்களில் ஒன்று அது. அதன் வியூஃபைண்டர் மேல் பர்னாக்கின் பெயர் பொறித்திருக்கும். கறுப்புப் பூச்சு அங்கங்கே உதிர்ந்திருக்கும். உதிர்ந்த இடத்தை யாரும் சரிசெய்யவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் போய்விட்டால் ஈயம் பூசுபவரைக் கூப்பிடுவோம். பித்தளை தெரிந்தால் அந்தப் பாத்திரம் சமையலுக்கு ஆகாது. கறுப்பு லைக்காவில் கணக்கு தலைகீழ். பெயின்ட், குரோம் மாதிரி உலோகத்தை இறுக்கிப் பிடிப்பதில்லை. விரல் படும் இடம், தோள்வார் வளையம் உரசும் இடம், மேல்தகட்டின் விளிம்பு, அடித்தகட்டின் மூலை என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து அடியிலிருக்கும் பித்தளையைக் காட்டும். பத்து வருஷம் ஒரே ஆளின் கையில் இருந்த கேமரா என்றால், அந்த ஆள் எப்படிப் பிடித்தார் என்பதே அதில் தெரியும். எனக்கு அந்தத் தேய்மானம் பிடிக்கும். பெட்டிக்குள் பூட்டி வைத்த கேமராவைவிட நாலு ஊர் சுற்றி வந்த கேமராவில்தான் எனக்கு நம்பிக்கை.

ஆனால் இந்த ஆசையைக் காசாக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். 2015-ல் பாடகர் லென்னி கிராவிட்ஸ் பெயரில் லைக்காவே 125 கேமராக்களை வெளியிட்டது. தொழிற்சாலையிலேயே கையால் தேய்த்துப் பித்தளையை வெளியே காட்டிய புதுக் கேமராக்கள் அவை. அதையாவது சொல்லிவிட்டுத்தான் விற்றார்கள். சொல்லாமல் விற்பவர்களால்தான் ஆபத்து. குரோம் எம்3 ஒன்றை வாங்கி, முலாமைச் சுரண்டி, கறுப்படித்து, மூலைகளை உரசி, அசல் கறுப்பு என்று விற்பது பழைய தொழில். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒன்றை வாங்கி வந்து காட்டினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, கறுப்புக்கும் பித்தளைக்கும் நடுவில் மெல்லியதாக ஒரு வெள்ளிக்கோடு. அசல் கறுப்பில் பெயின்டுக்கு அடியில் நேராகப் பித்தளைதான் இருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முலாமை முழுக்கச் சுரண்டியிருந்தால் அந்த வெள்ளிக்கோடும் இருக்காது. அப்போது மேல்தகட்டில் பொறித்த எழுத்துகளைப் பாருங்கள். சுரண்டலில் எழுத்துகளின் ஆழம் குறைந்திருக்கும், ஓரங்கள் மழுங்கியிருக்கும். தேய்மானம் இருக்கும் இடமும் முக்கியம். கை படாத இடத்தில் பித்தளை தெரிந்தால் அது உப்புத்தாள் செய்த வேலை. அதே சமயம், நல்ல கைகாரர் மறுபூச்சு செய்த கேமராவை, மறுபூச்சு என்று சொல்லி நியாய விலைக்குக் கொடுத்தால் வாங்குவதில் தவறே இல்லை. படமெடுக்க அது போதும்.

கறுப்பு எல்லாமே ஒரே கறுப்பும் இல்லை. எழுபதுகளில் லைக்கா கறுப்புக் குரோமுக்கு மாறியது. பெயின்டைவிடப் பிடிப்பு அதிகம், தேய்மானம் குறைவு. 1984-ல் வந்த எம்6-ன் மேல்தகடு துத்தநாகக் கலவை. அதைச் சுரண்டினால் பித்தளை வராது, சாம்பல் நிறம்தான் வரும். சில எம்6-களில் பூச்சுக்கு அடியில் கொப்புளம் கிளம்புவதும் உண்டு. அந்தக் காலகட்டத்தில் கறுப்பே வழக்கமாகிவிட்டதால் விலையும் திரும்பிக்கொண்டது. எம்4-பி மாடலில் வெள்ளிநிறம்தான் அரிது. ஜப்பானிலும் இதே கதைதான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி நிக்கான் சுமார் 2,000 கறுப்பு எஸ்3-களைச் செய்தது. சேகரிப்பாளர்கள் அதை ஒலிம்பிக் நிக்கான் என்றே அழைக்கிறார்கள். அவ்வளவு எண்ணிக்கையில் இருப்பதால், தனியாகச் சொல்லிச் செய்யவைத்த பழைய கறுப்பு நிக்கான்களின் அளவுக்கு அது அரிதில்லை.

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்களால் நமக்குப் பழக்கமான யாஷிகாவிலும் கறுப்பு உண்டு. எலெக்ட்ரோ 35 வரிசையில் ஜி வெள்ளிநிறம், ஜிடி கறுப்பு. 45 மி.மீ. எஃப்1.7 லென்ஸ் இரண்டிலும் ஒன்றுதான். உள்ளே ஒரு சிறு ரப்பர் பட்டை காலப்போக்கில் இற்றுப்போய்த் தகராறு செய்யும். அதுவும் இரண்டிலும் ஒன்றுதான். கேனானெட் ஜி-III-ன் கறுப்புக்கும் வெள்ளிக்கும் நடுவிலும் இதே நிலைதான். கறுப்புக்கு அதிகம் கொடுக்கிறீர்கள் என்றால் அழகுக்குக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கள்.

தரத்தைப் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. எம்3-ன் வியூஃபைண்டர் 0.91 மடங்கு, கிட்டத்தட்ட வெறும் கண்ணால் பார்க்கும் அளவு. 50 மி.மீ., 90 மி.மீ. லென்ஸ்களுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. 35 மி.மீ. பிரியர்களுக்கு 0.72 மடங்கு கொண்ட எம்2 போதும். வாங்கும்போது ஜன்னல் வழியே தூரத்து மின்கம்பத்தைப் பாருங்கள். நடுவிலுள்ள கட்டம் தெளிவாக, ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். எம்3 கீழே விழுந்திருந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் கண்ணாடிகள் பிரிந்து வியூஃபைண்டர் இருண்டுபோகும். அதைச் சரிசெய்யும் செலவு அதிகம். ஒரு விநாடி வேகத்தில் அழுத்தி, பல்சக்கரம் திக்காமல் ஓடுகிறதா என்று கேளுங்கள். லென்ஸைக் கழற்றிவிட்டு ஷட்டர் துணிக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். லென்ஸ் வெயிலை நோக்கி இருந்த கேமராவின் துணியில் ஊசித்துளை விழுந்திருக்கும். லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்பது, சென்னைக் காற்றில் வாழும் நமக்கு எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. அதற்கு அடுத்த வாரம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

அதுவரை ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் தாத்தாவின் கறுப்புக் கேமரா ஏதாவது கிடந்தால், பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். பெயின்ட் அடிக்கவும் கொடுக்காதீர்கள். காய்ந்த துணியால் தூசி தட்டினால் போதும். பின்பக்கத்தையோ அடித்தகட்டையோ திறப்பதற்கு முன் ரீவைண்ட் குமிழை அம்புக்குறிப் பக்கம் லேசாகத் திருப்பிப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. திறக்காமல் அப்படியே, ஃபிலிம் கழுவத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.